ஜார்ஜ் சாண்டர்ஸ்: வகுப்பறை அவருடைய நாவலைத் தாமதப்படுத்தியதா?

மருதமரம் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டர்ஸின் 'லிங்கன் இன் தி பார்டோ' நாவலை அண்மையில் படித்து முடித்தேன். மகனைப் பறிகொடுத்த தகப்பன், அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன், நள்ளிரவில் தனியே கல்லறைக்குப் போய், பிள்ளையின் உடலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதை, அங்கே உலவும் ஆவிகள் மாறி மாறிச் சொல்லிச் செல்கின்றன. படித்து முடித்த பிறகு பல நாள்கள் வேறொரு புத்தகத்தைக் கையில் எடுக்க மனம் வரவில்லை. அதன் பின்னர், சாண்டர்ஸ் தம் மாணவர்களுக்கு நடத்திய பாடங்களிலிருந்து எழுதிய 'எ ஸ்விம் இன் எ பாண்ட் இன் தி ரெயின்' நூலைத் தேடிப் பிடித்தேன். ரஷ்ய எழுத்தாளர்கள் செகாவ், டால்ஸ்டாய், துர்கேனிவ், கோகோல் ஆகியோரின் ஏழு சிறுகதைகளை முழுமையாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் எப்படி இயங்குகிறது என்று நம் பக்கத்தில் அமர்ந்து விளக்குவதைப்போல அவர் எழுதியிருக்கிறார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததால் எழுந்த கேள்வி இது. சாண்டர்ஸ் 1958 டிசம்பரில் பிறந்தவர். முதல் சிறுகதைத் தொகுப்பு 1996இல் வந்தது. 1997 முதல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் புனைவெழுத்து கற்பித்து வருகிறார். முதல் நாவலோ 2017இல்தான் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 58. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் மற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்ததுதான் இந்தத் தாமதத்துக்குக் காரணமா? அல்லது அந்த வகுப்பறை இல்லாவிட்டால் இந்த நாவலே இப்படி அமைந்திருக்காதா?

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். இரவுகளில் சிறுகதை எழுதுகிறேன். ஆகவே இது எனக்கு வெறும் வரலாற்றுக் கேள்வியன்று. அவருடைய கட்டுரைகளையும் நேர்காணல்களையும் தொடர்ந்து படித்தவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நிலவியல் மாணவன்

வணக்கம் அம்மா. உங்கள் கணக்கு சரிதான், ஆனால் அதை 1996இல் தொடங்காமல் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்னோக்கித் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். சாண்டர்ஸுக்கு எழுதக் கிடைத்த நேரத்தைப் பறித்தவை வகுப்பறைக்கு முந்தைய வேலைகள்தாம். அவருடைய எழுத்துக்கு உரமிட்டவையும் அவையே.

டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோவில் பிறந்து, சிகாகோவுக்கு அருகிலுள்ள ஓக் ஃபாரஸ்ட்டில் வளர்ந்தவர் அவர். கல்லூரிக்குப் போகும் எண்ணம் உறுதிப்படாமல் இருந்தபோது உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இருவர் முன்முயற்சி எடுத்து அவரைக் கொலராடோ சுரங்கவியல் கல்லூரியில் சேர வைத்தார்கள் என்பதை அவர் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். 1981இல் புவி இயற்பியல் பொறியியலில் பட்டம் பெற்றார். இலக்கியம் முறையாகப் படித்தவரல்லர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னாளில் அவர் கதைகளைப் பிரித்துப் பார்க்கும் விதம் ஏன் ஒரு பொறியாளர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதைப்போல இருக்கிறது என்பது விளங்கும்.

பட்டம் பெற்றதும் சுமத்ராவின் காடுகளில் எண்ணெய் தேடும் குழுவில் வேலை. இளமையில் அவர் எழுத்தாளர் அய்ன் ராண்டின் கருத்துகளில் மூழ்கியிருந்தவர்; திறமையுள்ளவன் உயர்வான், உயராதவன் தன் குறையால் உயரவில்லை என்று நம்பியவர். விடுமுறைக்குச் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டப்பட்ட பள்ளத்தில் வயதான பெண்கள் இரவு நேரத்தில் வெறுங்கையால் கல் பொறுக்கிச் சுமந்துகொண்டிருந்ததைக் கண்டார். அந்தக் காட்சிதான் தம் நம்பிக்கையை முதன்முதலாக அசைத்தது என்று சொல்லியிருக்கிறார். அங்கே ஓர் ஆற்றில் குளித்து, அதன் நீர் மாசுபட்டிருந்ததால் கடுமையாக நோயுற்று ஊர் திரும்பினார். பிறகு சில ஆண்டுகள் கூரை வேய்பவராக, வாயிற்காவலராக, கடைச் சிப்பந்தியாக, இறைச்சிக்கூடத்தில் மாட்டுக் கால் மூட்டுகளைப் பிரித்தெடுப்பவராகக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். அவருடைய கதைகளில் கூலிக்கு உழைப்பவர்கள் வேலை போய்விடுமே என்ற அச்சத்தோடு பேசும் பேச்சு இந்த ஆண்டுகளிலிருந்து வந்தது.

1986இல் சிரக்யூஸில் எழுத்துப் படிப்பில் சேர்ந்து 1988இல் முடித்தார். உடன் படித்த பாலாவைக் காதலித்து மூன்றே வாரங்களில் திருமணம் நிச்சயித்துக்கொண்டார். விரைவிலேயே இரண்டு பெண் குழந்தைகள். குடும்பத்தைக் காக்க 1989 முதல் 1996 வரை ராச்செஸ்டரில் சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்ப அறிக்கைகள் எழுதினார். மாசடைந்த நிலங்களைப் பற்றிய அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் அதே கணினியில், மேலாளர் கண்ணில் படாமல், கிடைத்த நிமிடங்களில் கதை எழுதினார். ஏழு ஆண்டுகளின் விளைவு ஒரே ஒரு சிறிய தொகுப்பு: 'சிவில்வார்லேண்ட் இன் பேட் டிக்லைன்'. ஆறு சிறுகதைகளும் ஒரு குறுநாவலும் கொண்டது.

இதற்கு முன்பே அவர் ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மெக்சிகோவில் நடந்த நண்பரின் திருமணத்தை அடிப்படையாகக் கொண்டு, 'லா போடா டி எட்வர்டோ' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதி மனைவியிடம் படிக்கக் கொடுத்தார். சிறிது நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது, முதல் சில பக்கங்களிலேயே அவர் தலையைக் கைகளில் தாங்கி அமர்ந்திருந்தாராம். ஓர் ஆண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு வீணாயிற்று. அதற்குப் பிறகு, அலுவலகத்தில் தொலைபேசிக் கூட்டம் ஒன்றில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது பொழுதுபோகாமல் குழந்தைப் பாடல்களின் சாயலில் சில கேலிப் பாடல்கள் கிறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பக்கத்து அறையிலிருந்து பாலா வாய்விட்டுச் சிரிக்கும் ஒலி கேட்டது. தம் எழுத்தைப் படித்து ஒருவர் உண்மையாக மகிழ்ந்ததை வெகு காலத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டதாகவும், ஹெமிங்வேயைப்போல எழுத முயன்ற ஆண்டுகளில் தமக்கு இயல்பாக வரும் நகைச்சுவையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டதை உணர்ந்ததாகவும் முதல் தொகுப்பின் மறுபதிப்புக்கு எழுதிய கட்டுரையில் விவரிக்கிறார். 1992இல் 'தி நியூ யார்க்கர்' இதழ் முதன்முறையாக அவருடைய கதை ஒன்றை வெளியிட்டது.

எனவே 1997இல் வகுப்பறைக்குள் நுழைந்தது அவருக்குச் சுமையாக அல்ல, பெரும் விடுதலையாகவே இருந்திருக்க வேண்டும். அதற்கு முன் கதைக்கு அலுவலகத்தில் மறைவாகத்தான் இடம் இருந்தது. அதற்குப் பின் கதையைப் பற்றிப் பேசுவதே அலுவலாயிற்று.

நூலகத்தடி

மேலே நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். கற்பித்தலைப் பற்றி மட்டும் சற்று நீட்டிச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் கேள்வி கேட்டவரும் ஆசிரியை, சாண்டர்ஸின் ரஷ்யக் கதை வகுப்பு தொடங்குவதும் ஓர் ஆசிரியையைப் பற்றிய கதையோடுதான்.

சாண்டர்ஸை ஆசிரியராக்கியவர், அப்போது சிரக்யூஸில் கற்பித்துக்கொண்டிருந்த எழுத்தாளர் டோபியாஸ் உல்ஃப். 1986 பிப்ரவரியில் சாண்டர்ஸின் பெற்றோர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, அவருக்குச் சிரக்யூஸில் இடம் கிடைத்த செய்தியைச் சொன்னவர் உல்ஃப்தான். மாணவராக இருந்த காலத்தில் ஒரு விருந்தில், இனிமேல் வேடிக்கைக் கதைகளை விட்டுவிட்டுத் தீவிரமாக எழுதப் போவதாக சாண்டர்ஸ் அவரிடம் அறிவிக்க, நல்லது, ஆனால் உன்னிடமுள்ள அந்த மாயத்தை இழந்துவிடாதே என்று உல்ஃப் பதில் சொன்னார். சாண்டர்ஸ் அதைத்தான் அடுத்த சில ஆண்டுகளுக்கு இழந்தார். மெக்சிகோ திருமண நாவல் அந்த இழப்பின் விளைவு. உல்ஃப் அவரைத் தடுக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, மாணவன் தானே அதைக் கண்டடையக் காத்திருந்தார். இதுதான் நல்லாசிரியரின் அடையாளம் என்று கருதுகிறேன்.

இன்னொரு நிகழ்வும் முக்கியமானது. ஒரு கூட்டத்தில் தம் கதையைப் படிக்க வேண்டிய உல்ஃப், உடல்நலம் சரியில்லாததால், செகாவின் கதைகளைப் படித்தார். 'நெல்லிக்காய்' கதையும் அவற்றுள் ஒன்று. ஒரு கதையால் அரங்கிலுள்ள அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் சிரிக்கவும் கலங்கவும் வைக்க முடியும் என்பதை அன்று நேரில் கண்டதாக சாண்டர்ஸ் எழுதுகிறார். பல ஆண்டுகள் கழித்து அவர் நடத்தத் தொடங்கிய ரஷ்யச் சிறுகதை வகுப்பின் விதை அங்கே விழுந்தது.

அந்த வகுப்பை அவர் இருபது ஆண்டுகள் நடத்திய பிறகே 2021இல் நூலாக்கினார். முதல் கதை செகாவின் 'வண்டியில்'. மரியா வசிலியெவ்னா என்ற பள்ளி ஆசிரியை நகரத்துக்குப் போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டு, சேறும் பள்ளமுமான சாலையில் வண்டியில் ஊர் திரும்புகிறாள், நிகழ்வது அவ்வளவுதான். சாண்டர்ஸ் இந்த ஒரு கதையை மட்டும் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தருகிறார். ஒரு பக்கம் முடிந்ததும் நிறுத்தி, இதுவரை உங்களுக்கு என்ன தெரிந்தது, எதை அறிய ஆவலாக இருக்கிறீர்கள், கதை எங்கே போகும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார். பிறகுதான் அடுத்த பக்கம். பின்னாலிருந்து வண்டியில் ஹானவ் என்ற பணக்கார நிலவுடைமையாளர் வரும்போது, தனிமையில் வாடும் மரியாவுக்கு இவர்தான் துணையாவார் என்று நாம் உடனே எண்ணிவிடுகிறோம். நாம் எண்ணுவோம் என்று செகாவுக்கும் தெரியும்; அந்த எளிய வழியை அவர் மூடிவிடுகிறார். அதனால் கதை அதைவிட ஆழமான ஓரிடத்துக்குப் போயாக வேண்டியிருக்கிறது. இதை ஒரு கோட்பாடாக நான் இங்கே சொல்லும்போது வறட்சியாகத் தோன்றலாம். பக்கம் பக்கமாகப் படித்து, நம் எதிர்பார்ப்பையே கையும் களவுமாகப் பிடிக்கும்போது அது உடம்பில் இறங்குகிறது.

சோவியத் பதிப்பகங்கள் மலிவு விலையில் அனுப்பிய தமிழ் மொழிபெயர்ப்புகளில் இந்த ரஷ்ய மேதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அன்று கதையின் துயரத்தையும் அறத்தையும் பற்றி இரவெல்லாம் பேசியிருக்கிறோம். இந்த வாக்கியம் ஏன் இந்த இடத்தில் வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனாலேயே சாண்டர்ஸின் நூல் எனக்கு இரண்டாவது கல்வியாக அமைந்தது.

திருத்தி எழுதுவதைப் பற்றி அவர் சொல்லும் முறை எளிமையானது. நெற்றியில் ஒரு மானி பொருத்தப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். அதன் முள் ஒரு பக்கம் சாய்ந்தால் விருப்பம், மறுபக்கம் சாய்ந்தால் வெறுப்பு. தம் பிரதியை முதன்முறையாகப் பார்க்கும் வாசகரைப்போலப் படித்து, முள் தாழும் இடத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும். மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான முறை செய்தால், ஆயிரக்கணக்கான சிறு தேர்வுகள் சேர்ந்து, எழுதியவரைவிடவும் அறிவும் இரக்கமும் மிகுந்த ஒன்றாகக் கதை மாறிவிடும் என்பது அவர் நம்பிக்கை. மாணவரின் கதையைப் படிக்கும்போதும் அவர் இதே முள்ளைத்தான் பார்க்கிறார். ஆதலால் கற்பித்த நேரம் எழுத்திலிருந்து பிடுங்கப்பட்ட நேரம் என்று பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. செரில் ஸ்ட்ரேட், நானா குவாமே அட்ஜேய்-பிரென்யா போன்ற எழுத்தாளர்கள் அந்த வகுப்புகளிலிருந்து வந்தவர்கள். ஒருவர் எழுத்து மற்றவருடையதைப்போல இல்லை.

தென்கரை

ஒரு மாற்றுக் கருத்து. சாண்டர்ஸின் மீது எனக்கும் மதிப்பு உண்டு, ஆயினும் அவருடைய வகுப்பறையை நம் வகுப்பறைகளோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும். ஆண்டுதோறும் அறுநூறு முதல் எழுநூறு விண்ணப்பங்கள் வருகின்றன, அவற்றிலிருந்து ஆறு பேரை மட்டும் தேர்ந்தெடுக்கிறோம் என்று அவரே ரஷ்யக் கதை நூலின் முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஏற்கெனவே நன்றாக எழுதத் தெரிந்த ஆறு பேரோடு மேசையைச் சுற்றி அமர்வதும், தேர்வுக்குத் தயாராகும் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்பதும் ஒன்றல்ல. அதோடு 2006இல் மெக்கார்தர் நல்கையாக ஐந்து லட்சம் டாலரும், அதே ஆண்டில் குகன்ஹைம் நல்கையும் அவருக்குக் கிடைத்தன. கற்பித்தல் எழுத்தைத் தின்னவில்லை என்றால், அந்தப் பல்கலைக்கழகமும் அந்த நல்கைகளும் அவருக்கு நேரத்தை வாங்கிக் கொடுத்ததும் ஒரு காரணம். இந்த வசதியைச் சொல்லாமல் அவருடைய முறையை மட்டும் புகழ்வது, இரவில் கண்விழித்து எழுதும் ஆசிரியைக்கு நியாயம் செய்வதாகாது.

மருதமரம்

தென்கரை ஐயா சொன்னது என் மனத்தில் இருந்ததுதான். அதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. எனினும் ராச்செஸ்டர் அலுவலகத்தின் ஏழு ஆண்டுகளைப் பற்றி நிலவியல் மாணவன் எழுதியது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முதல் தொகுப்பு எந்த நல்கையும் இல்லாமல்தானே எழுதப்பட்டது? இன்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கற்பித்தல் நாவலைத் தாமதப்படுத்தவில்லை என்றால், லிங்கன் நாவலுக்கு ஏன் அவ்வளவு காலம் பிடித்தது?

வடக்குவாசல்

அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன்.

ஆபிரகாம் லிங்கனின் மகன் வில்லி, 1862 பிப்ரவரி 20 அன்று, பதினோராம் வயதில், டைஃபாய்டு என்று கருதப்படும் காய்ச்சலில் இறந்தான். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியிலுள்ள ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்தில் உடல் வைக்கப்பட்டது. கிளிண்டன் ஆட்சிக் காலத்தில் சாண்டர்ஸ் தம் குடும்பத்தோடு வாஷிங்டன் சென்றிருந்தபோது, மனைவியின் உறவினர் ஒருவர் குன்றின் மேலிருந்த அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, லிங்கன் இரவில் தனியாக இங்கே வந்து மகனின் உடலைத் தாங்கியிருந்ததாக அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின என்று சொன்னார். சாண்டர்ஸின் மனத்தில் அன்றே ஒரு காட்சி பதிந்தது. ஆனால் அதைத் தொடத் துணியவில்லை. அவர் அப்போது கைவசம் வைத்திருந்தது எள்ளலும் விந்தையும் கலந்த, வேகமான மொழி. மகனை இழந்த தகப்பனின் துயரத்தை அந்த மொழியால் சுமக்க முடியாது என்று அஞ்சினார். நாடகமாக எழுதிப் பார்த்தார், அமையவில்லை. 2012இல், 'டென்த் ஆஃப் டிசம்பர்' தொகுப்பை முடித்த பிறகே, இனியும் அஞ்சிக்கொண்டிருந்தால் இதை எழுதாமலேயே போய்விடுவேன் என்று எண்ணித் தொடங்கினார்.

ஆகவே தாமதத்துக்குக் காரணம் நேரமின்மையன்று. தகுதியைப் பற்றிய தயக்கம். அந்தத் தயக்கத்தைக் கரைத்ததில் வகுப்பறைக்கும் பங்குண்டு என்பது என் வாசிப்பு. 'டென்த் ஆஃப் டிசம்பர்' கதைகளை முந்தைய தொகுப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எள்ளல் அப்படியே இருக்கிறது, ஆனால் கதாபாத்திரங்களின் மீதான பரிவு வெளிப்படையாக வந்துவிட்டது. அந்தத் தொகுப்பு வெளிவந்த 2013இல்தான் சிரக்யூஸ் மாணவர்களின் பட்டமளிப்பையொட்டி ஆற்றிய உரையில், தம் வாழ்க்கையில் தாம் மிகவும் வருந்துவது பிறரிடம் அன்பு காட்டத் தவறிய தருணங்களுக்காகத்தான் என்று அவர் பேசினார். வறுமையையோ சுமத்ராவில் பட்ட நோயையோ அவர் வருத்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. செகாவையும் டால்ஸ்டாயையும் பல ஆண்டுகள் மாணவர்களோடு வரிவரியாகப் படித்தவர் கூச்சமின்றி அப்படிப் பேசியதில் எனக்கு வியப்பில்லை.

நாவலின் வடிவத்திலும் வகுப்பறையைக் காண்கிறேன். வில்லி மாடியில் காய்ச்சலில் கிடக்க, 1862 பிப்ரவரி 5 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த பெருவிருந்தைப் பற்றிய அத்தியாயம் உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிரவு நிலா எப்படி இருந்தது என்பதைப் பற்றிய குறிப்புகளை அவர் அடுக்குகிறார். முழுநிலா என்கிறது ஒன்று, நிலாவே இல்லை என்கிறது மற்றொன்று. மெய்யான வரலாற்று நூல்களின் வரிகளும் அவர் கற்பனையாக உருவாக்கிய வரிகளும் அங்கே வேறுபாடு தெரியாமல் கலந்திருக்கின்றன. ஒரே பக்கத்தைப் படித்த எட்டுப் பேர் எட்டு விதமாகப் பேசுவதைப் பல ஆண்டுகள் அமைதியாகக் கேட்டுப் பழகிய ஒருவருக்கே இந்த அத்தியாயம் தோன்றியிருக்கும். நூலின் ஒலிவடிவத்துக்கு 166 குரல்கள் தேவைப்பட்டன என்றால் அந்தக் கூட்டத்தின் பெருக்கத்தை எண்ணிப் பாருங்கள். 2017 அக்டோபரில் அதற்குப் புக்கர் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற இரண்டாவது அமெரிக்கர் அவர்.

தென்கரை ஐயாவின் கருத்துக்கும் ஒரு சொல். ஆறு பேருக்கு மட்டும் கிடைக்கும் வகுப்பு என்ற குறையை சாண்டர்ஸும் உணர்ந்திருப்பார் என்றே தோன்றுகிறது. ரஷ்யக் கதை நூல் வெளிவந்த அதே 2021இன் இறுதியில் 'சப்ஸ்டாக்' என்னும் இணையச் செய்திமடல் தளத்தில் 'ஸ்டோரி கிளப்' தொடங்கி, எந்த ஊரிலிருப்பவரும் சேர்ந்து ஒரு கதையைப் பகுதி பகுதியாகப் படித்து உரையாட வழி செய்தார். அதன் பிறகும் அவருடைய புனைவு நிற்கவில்லை. 2022இல் 'லிபரேஷன் டே' தொகுப்பும், 2026 ஜனவரியில் 'விஜில்' என்ற நாவலும் வந்துள்ளன. மரணப் படுக்கையிலிருக்கும் எண்ணெய் நிறுவனத் தலைவர் ஒருவரை மையமாகக் கொண்டது 'விஜில்'. சுமத்ராவில் எண்ணெய் தேடிய இளைஞர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அந்தத் தொழிலைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதாலேயே அதை ஆவலோடு கையிலெடுத்தேன்.

உங்கள் பள்ளிக்கு உடனே பயன்படக்கூடிய ஒன்று ரஷ்யக் கதை நூலின் பின்னிணைப்பில் இருக்கிறது. ஐம்பது வெவ்வேறு சொற்களை மட்டுமே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, சரியாக இருநூறு சொற்களில் ஒரு கதை எழுத வேண்டும். ஐம்பதைத் தொட்டபின் புதிய சொல் எதுவும் கூடாது. பழையவற்றையே சுழற்ற வேண்டும். வேற்றுமை உருபு சேர்ந்த வடிவத்தைத் தனிச் சொல்லாகக் கொள்வதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அடிச்சொல்லை மட்டும் கணக்கில் எடுத்தால் தமிழில் நன்றாகவே அமையும். இதற்கு அவர் ஒதுக்கும் நேரம் 45 நிமிடம். ஏறத்தாழ ஒரு பாடவேளை.